மென்பொருள் திட்டத்தின் முகப்புப் பக்கம்: வாசகங்களையும் இணைப்புகளையும் சீர்செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்றை நடத்துவோரும், அத்தகைய திட்டத்தின் வலைத்தளத்துக்குப் பங்களிக்க விரும்புவோரும் முகப்புப் பக்கத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. வண்ணம், எழுத்துரு, பக்க வடிவமைப்பு ஆகியவை தனிப் பொருள். பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, அங்கிருந்து வாசகர் எங்கே போய்ச் சேருகிறார் என்ற இரண்டையும் மட்டுமே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நிரல் நன்றாக இருந்தால் போதாதா? முகப்புப் பக்கத்துக்கு ஏன் இவ்வளவு நேரம் செலவிட வேண்டும்?

நிரல் நன்றாக இருக்கிறதா என்பதை அறிய அதை நிறுவிப் பார்க்க வேண்டும். நிறுவுவதா வேண்டாமா என்பதை வருபவர் முகப்புப் பக்கத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறார். தேடுபொறி வழியாகவோ நண்பர் அனுப்பிய இணைப்பு வழியாகவோ வந்து சேரும் ஒருவருக்கு, இந்த மென்பொருள் என்ன செய்கிறது, தன் கணினியில் ஓடுமா, இன்னும் பராமரிக்கப்படுகிறதா, எங்கிருந்து பெறுவது ஆகிய நான்கும் பக்கத்தைக் கீழே உருட்டாமலே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவர் அடுத்த தேடல் முடிவுக்குப் போய்விடுவார். அவர் போனது பராமரிப்பாளருக்குத் தெரியவும் வராது. நிரலில் பிழை இருந்தால் யாராவது முறையிடுவார்கள். முகப்புப் பக்கம் புரியவில்லை என்று முறையிடுபவர் மிகக் குறைவு. அதனால்தான் தெளிவற்ற வாசகங்கள் பல ஆண்டுகள் யார் கையும் படாமல் கிடக்கின்றன.

தவிர, முகப்பில் எழுதியது முகப்போடு நின்றுவிடுவதில்லை. லினக்ஸ் வழங்கல்களில் பொதியைப் பற்றிய குறிப்பு எழுதுபவரும், விக்கிப்பீடியாவில் கட்டுரை தொடங்குபவரும், மென்பொருள்களை ஒப்பிட்டு எழுதுபவரும் அந்த முதற்பத்தியைத்தான் எடுத்தாளுகிறார்கள். அங்கே ஒரு தவறான கூற்று இருந்தால், நீங்கள் அதைத் திருத்திய பிறகும் மற்ற இடங்களில் அது நெடுநாள் உயிரோடு இருக்கும்.

முதல் வாக்கியத்தில் என்ன இருக்க வேண்டும்?

அது எந்த வகைப் பொருள் என்பதும், அது செய்யும் வேலையும் இருக்க வேண்டும். கர்ல் திட்டத்தின் முகப்பு இதற்கு நல்ல சான்று. யூஆர்எல் முகவரிகளைக் கொண்டு தரவைக் கடத்தும் கட்டளைவரிக் கருவியும் லைப்ரரியும் (பிற நிரல்கள் எடுத்தாளும் நிரல்தொகுப்பும்) என்று அது ஒரே வரியில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. எஸ்கியூலைட் தன் முதல் வாக்கியத்திலேயே தான் ஒரு சி மொழி லைப்ரரி என்றும், எஸ்கியூஎல் தரவுத்தள இயந்திரத்தைச் செயல்படுத்துவது என்றும் சொல்லிவிடுகிறது. இரண்டையும் படித்தவுடன், தனக்கு வேண்டியது இதுவல்ல என்று அறிந்து விலக வேண்டியவர் விலகலாம். அதுவும் நல்ல முகப்புப் பக்கம் செய்யும் உதவிதான்.

இதற்கு நேர்மாறான வாசகத்தை ஓர் எடுத்துக்காட்டாக எழுதிப் பார்ப்போம்: “ஆவண மேலாண்மையில் புதிய யுகம்! நவீனமான, ஆற்றல்மிக்க, எளிதில் விரிவாக்கத்தக்க முழுமையான தீர்வு.” இதைப் படித்தவருக்கு அது வலைச் செயலியா, மேசைக்கணினியில் ஓடும் நிரலா, அலுவலகத்துக்கானதா, வீட்டுக்கானதா என எதுவும் பிடிபடாது. அதே மென்பொருளை இப்படிச் சொல்லலாம்: “ஸ்கேன் செய்த ரசீதுகளையும் கடிதங்களையும் எழுத்துணரி கொண்டு படித்து, தேடத்தக்க பிடிஎஃப் கோப்புகளாகச் சேமிக்கும் வலைச் செயலி இது. வீட்டிலோ சிறு அலுவலகத்திலோ உள்ள லினக்ஸ் கணினி ஒன்றில் நிறுவினால், அதே பிணையத்திலுள்ள மற்றவர்கள் உலாவி வழியாகப் பயன்படுத்தலாம். ஆவணங்கள் உங்கள் கணினியை விட்டு வெளியே போவதில்லை.” இரண்டாவது வடிவம் நீளமானது. ஆனால் அதில் வரும் ஒவ்வொரு சொல்லையும் ஒருவர் சோதித்துச் சரிபார்க்க முடியும். ஏதேனும் ஒரு சொல் பொய்யானால் அது பிழையாகவே கருதப்பட்டுத் திருத்தப்படும். “புதிய யுகம்” என்பதை யாரும் சரிபார்க்கவும் முடியாது, திருத்தவும் முடியாது.

வேறொரு மென்பொருளின் பெயரைச் சொல்லி அதற்கு மாற்று என்று அறிமுகப்படுத்துவது பலருக்கு எளிய வழியாகத் தோன்றுகிறது. அந்த மற்ற மென்பொருளை அறியாதவருக்கு அதனால் பயனில்லை. ஆகவே அது இரண்டாம் பத்தியில் வரலாம், முதல் வாக்கியமாக வரக்கூடாது.

“அதிவேகமான”, “எளிமையான” போன்ற அடைமொழிகளை அறவே நீக்கிவிட வேண்டுமா?

சான்று காட்ட முடிந்தால் வைத்துக்கொள்ளலாம். முடியாவிட்டால் நீக்கிவிடுவதே நல்லது. பயன்பாட்டு எளிமை ஆய்வாளர்களான யாக்கோப் நீல்சனும் ஜான் மோர்க்ஸும் 1997-இல் ஒரே சுற்றுலாத் தளத்தின் உரையை ஐந்து விதமாக எழுதி வாசகர்களிடம் சோதித்தார்கள். விளம்பர நடையை எடுத்துவிட்டு நடுநிலையாக எழுதிய வடிவத்தில் பயன்பாட்டு எளிமை 27 விழுக்காடு உயர்ந்தது. உரையைப் பாதியாகக் குறைத்தபோது 58 விழுக்காடு உயர்ந்தது. சுருக்கம், மேலோட்டமாகப் பார்த்தாலே பிடிபடும் அமைப்பு, நடுநிலை ஆகிய மூன்றும் சேர்ந்த வடிவம் 124 விழுக்காடு உயர்வைக் காட்டியது. புகழுரையைப் படிக்கும்போது அது உண்மைதானா என்று சலித்துப் பார்ப்பதிலேயே வாசகரின் கவனம் செலவாகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

“வேகமானது” என்று எழுத விரும்பினால், எதனோடு ஒப்பிட்டு, எந்தக் கணினியில், எவ்வளவு தரவை வைத்து அளந்தீர்கள் என்ற விவரப் பக்கத்துக்கு அந்தச் சொல்லிலிருந்தே இணைப்பு கொடுங்கள். அப்படி ஒரு பக்கமே இல்லை என்றால், அந்தச் சொல் இப்போதைக்கு வேண்டாம்.

“இங்கே சொடுக்கவும்” என்று எழுதுவதில் என்ன தவறு? எல்லோருக்கும் புரியத்தானே செய்கிறது?

கண்ணால் பக்கம் முழுவதையும் பார்ப்பவருக்குப் புரியும். திரையிலுள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர் பக்கத்தை அப்படிப் படிப்பதில்லை. இன்சர்ட் விசையோடு எஃப்7 விசையை அழுத்தினால் பக்கத்திலுள்ள இணைப்புகள் மட்டும் தனிப் பட்டியலாக வரும். வேண்டிய இடத்துக்கு விரைந்து செல்லப் பலரும் அதையே நாடுகிறார்கள். “நிறுவும் முறைக்கு இங்கே சொடுக்கவும், பயனர் கையேடு இங்கே உள்ளது, பிழைகளை இங்கே தெரிவிக்கவும்” என்று நீங்கள் எழுதியிருந்தால், அந்தப் பட்டியலில் அவருக்குக் கேட்பது “இங்கே சொடுக்கவும்”, “இங்கே”, “இங்கே” என்பது மட்டுமே. “உபுண்டுவில் நிறுவும் முறை”, “பயனர் கையேடு”, “பிழையைத் தெரிவித்தல்” என்ற சொற்களையே இணைப்பாக்கினால் பட்டியலே பக்கத்தின் பொருளடக்கமாக ஆகிவிடும்.

இது புதிய அறிவுரையும் அல்ல. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2001-லேயே இதைச் சொல்லியிருக்கிறது. 2008 டிசம்பரில் வெளியான அதன் அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகளின் இரண்டாம் பதிப்பில், இணைப்பின் நோக்கம் அதன் சொற்களிலிருந்தோ அது இடம்பெறும் சூழலிலிருந்தோ தெரிய வேண்டும் என்பது 2.4.4 எனும் விதியாக, மிக அடிப்படையான முதல் நிலையிலேயே வைக்கப்பட்டுள்ளது. கண்பார்வை உள்ளவர்களுக்கும் இதனால் நன்மை உண்டு. பக்கத்தை மேலோட்டமாகப் பார்ப்பவரின் கண் அடிக்கோடிட்ட சொற்களில்தான் முதலில் நிற்கும். தேடுபொறிகளும் இணைப்பின் சொற்களை வைத்தே போய்ச் சேரும் பக்கத்தின் பொருளை ஊகிக்கின்றன.

இணைப்பின் சொற்களை எழுதும்போது நான் வலியுறுத்துவது, போய்ச் சேரும் பக்கத்தின் தலைப்பு அந்தச் சொற்களோடு ஒத்திருக்க வேண்டும் என்பதைத்தான். “தொடக்கநிலைக் கையேடு” என்ற இணைப்பைத் தொட்டவர், “கட்டமைப்பு அளவுருக்கள்” என்ற தலைப்புள்ள பக்கத்தைக் கண்டால், தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று திரும்பிப் போவார். இணைப்பு வழக்கமான பக்கத்துக்குப் போகாமல் பெரிய பிடிஎஃப் கோப்பையோ மின்னஞ்சல் செயலியையோ திறக்குமானால், அதையும் இணைப்பின் சொற்களுக்குள்ளேயே தெரிவித்துவிட வேண்டும். வெறும் நிறமாற்றத்தால் மட்டும் இணைப்பை அடையாளம் காட்டுவதும் கூடாது. நிறக்குருடு உள்ளவர்களுக்கு அது மற்ற எழுத்தோடு கலந்துவிடும்.

பதிவிறக்க இணைப்பில் தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

முகப்புப் பக்கத்தில் மிக அதிகப் பொறுப்பு உடைய இணைப்பு அதுதான். அந்த ஒன்றைத் தவறாக வைத்தால் வாசகரின் கணினியே ஆபத்துக்குள்ளாகும்.

முதலில், எது உண்மையான பதிவிறக்க இணைப்பு என்பதில் குழப்பமே இருக்கக்கூடாது. படத்தொகுப்பு மென்பொருளான கிம்ப் திட்டம் 2013-இல் தன் விண்டோஸ் நிறுவிகளை சோர்ஸ்ஃபோர்ஜ் எனும் பதிவிறக்கத் தளத்திலிருந்து விலக்கிக்கொண்டது. “டவுன்லோட்” பொத்தானைப் போலவே தோற்றமளித்த விளம்பரங்கள் அந்தத் தளத்தில் வந்ததும், வேறு மென்பொருள்களையும் சேர்த்துத் திணிக்கும் நிறுவிகள் அங்கே அறிமுகமானதும் அதற்குக் காரணங்கள். உங்கள் பதிவிறக்கப் பக்கம் வேறொரு தளத்தில் இருந்தால், விளம்பரத் தடுப்பான் இல்லாத உலாவியில் அதை ஒருமுறை திறந்து பாருங்கள். புதியவர் காண்பது அந்தத் தோற்றத்தைத்தான்.

இரண்டாவது, பொத்தானின் மீது பதிப்பு எண்ணும் இயங்குதளமும் இருக்க வேண்டும். “பதிவிறக்கு” என்று மட்டும் இருந்தால் கிடைக்கப்போவது நிலையான பதிப்பா, சோதனைப் பதிப்பா என்பது தெரியாது. பதிப்பு எண்ணைக் கையால் எழுதி வைத்தால் அடுத்த வெளியீட்டின்போது அது மறந்துபோகும். ஆகவே வலைத்தளத்தை உருவாக்கும் கருவியில் ஒரே ஒரு மாறியில் வைத்து, பக்கம் முழுவதும் அங்கிருந்தே எடுத்தாள வேண்டும். மூலநிரலைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் வெளியிடுபவர்கள், எப்போதும் அண்மை வெளியீட்டுக்கே கொண்டுசெல்லும் நிலையான முகவரியை இணைப்பில் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, கோப்பு மாற்றப்படவில்லை என்பதைச் சரிபார்க்க வழி தர வேண்டும். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் எனும் இயங்குதளத்தின் வலைத்தளத்துக்குள் ஊடுருவியவர்கள், 17.3 சின்னமன் பதிப்பின் பதிவிறக்க இணைப்பைப் பின்கதவு (இரகசிய நுழைவழி) வைக்கப்பட்ட வேறொரு ஐஎஸ்ஓ நிறுவல் கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். பக்கத்தின் தோற்றத்தில் வேறுபாடு தெரியவில்லை. இணைப்பின் இலக்கு மட்டுமே மாறியிருந்தது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்புத் தொகையை அதே பக்கத்தில் மட்டும் வெளியிட்டால், இணைப்பை மாற்றுபவர் அந்தத் தொகையையும் மாற்றிவிடலாம். எனவே திட்டத்தின் பிஜிபி (மின்னணுக் கையொப்ப முறை) சாவியால் கையொப்பமிட்ட கோப்பை வெளியிட்டு, அந்தச் சாவியின் கைரேகையை (அதை அடையாளம் காட்டும் சுருக்கக் குறியீட்டை) வேறு இடங்களிலும் பதிந்து வைக்க வேண்டும். “கையொப்பத்தைச் சரிபார்க்கும் முறை” என்ற இணைப்பு பதிவிறக்கப் பொத்தானை ஒட்டியே இருக்கட்டும். பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் வைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

எங்கள் திட்டத்தின் பெயரில் வேறு யாரோ தளம் வைத்திருக்கிறார்கள். முகப்பில் அதைச் சொல்லலாமா?

சொல்லத்தான் வேண்டும். தொலைவிலுள்ள கணினிகளுடன் பாதுகாப்பாக இணைய உதவும் புட்டி எனும் எஸ்எஸ்எச் கருவியின் அதிகாரபூர்வப் பக்கம் நெடுங்காலமாகப் பிரிட்டனிலுள்ள ஒரு சேவையகத்தில், அதன் ஆசிரியர் சைமன் டாதமின் தனிப் பக்கங்களுக்குள் இருந்துவந்தது. அதே பெயரில் டாட் ஆர்க் என்று முடியும் முகவரியோ திட்டத்தோடு தொடர்பில்லாத வேறொருவரிடம் இருந்தது. பெயரை அப்படியே உலாவியில் தட்டச்சு செய்பவர் தவறான இடத்துக்குத்தான் போவார். கோஹா எனும் நூலக மென்பொருளுக்கும் இதே போன்ற இடர் வந்தது. 1999-இல் நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலகத்துக்காக எழுதத் தொடங்கப்பட்ட அந்த மென்பொருளின் பழைய களப்பெயர் (டொமைன்) ஒரு நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டதால், பயனர் சமூகம் புதிய களப்பெயரில் தன் முகப்பை மறுபடி அமைக்க நேர்ந்தது. இத்தகைய நிலையில் “இத்திட்டத்தின் ஒரே அதிகாரபூர்வ முகவரி இது” என்ற ஒரு வாக்கியத்தை முகப்பிலும், மூலநிரலோடு வரும் அறிமுகக் கோப்பான ரீட்மீயிலும், மென்பொருளின் உதவிப் பட்டியலிலும் எழுதி வையுங்கள். யாரையும் குறைகூற வேண்டியதில்லை. முகவரியைத் தெளிவாகச் சொன்னால் போதும்.

ஆவணங்களுக்கான இணைப்பு எந்தப் பதிப்புக்குப் போக வேண்டும்?

வாசகர் நிறுவப்போகும் பதிப்புக்கு. மென்பொருள் ஆவணங்களை வெளியிடும் ரீட் தி டாக்ஸ் சேவையில் “லேட்டஸ்ட்” என்ற முகவரி மேம்பாட்டில் உள்ள கிளையின் ஆவணங்களைக் காட்டுவது. “ஸ்டேபிள்” என்பது கடைசியாக வெளியான பதிப்பின் ஆவணங்களைக் காட்டுவது. முகப்பிலிருந்து “லேட்டஸ்ட்” முகவரிக்கு இணைப்பு கொடுத்துவிட்டால், இன்னும் வெளியாகாத வசதியைக் கையேட்டில் படித்துவிட்டு அது தன் கணினியில் ஏன் வேலை செய்யவில்லை என்று புதியவர் திணறுவார். நிரலின் குறிப்பிட்ட வரியைச் சுட்டும் இணைப்புகளிலும் இதே சிக்கல் உண்டு. கிட்ஹப்பில் கோப்பைத் திறந்து வைத்து ஒய் விசையை அழுத்தினால், கிளையின் பெயர் நீங்கி கமிட் எண்ணுடன் (அந்தக் கட்டத்து மாற்றத்தின் அடையாளத்துடன்) கூடிய நிலையான முகவரி வரும்; அதைக் கொடுத்தால் கோப்பில் வரிகள் நகர்ந்தாலும் இணைப்பு பொருள் மாறாது.

பழுதான இணைப்புகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

லிங்க்செக்கர், லைச்சி போன்ற கட்டற்ற கருவிகள் பக்கத்திலுள்ள எல்லா முகவரிகளையும் தொட்டுப் பார்த்து, பக்கம் கிடைக்கவில்லை எனும் பொருளுள்ள 404 போன்ற விடைகளைப் பட்டியலிடும். தளத்தின் மூலநிரல் களஞ்சியத்திலேயே அதை வாரம் ஒருமுறை தானாக ஓடும்படி அமைத்துவிடலாம். ஆனால் கருவியின் விடையை அப்படியே நம்பிவிடாதீர்கள். சில தளங்கள் தானியங்கிக் கருவிகளைத் தடுப்பதற்காக 403 (அனுமதி இல்லை) அல்லது 429 (அளவுமீறிய கோரிக்கைகள்) என்று விடையளிக்கும். உலாவியில் திறந்தால் அந்தப் பக்கம் நலமாகவே இருக்கும். மறுபுறம், 200 என்ற நல்ல விடையோடு வரும் பக்கம் உள்ளே “இந்தப் பக்கம் இல்லை” என்று சொல்லலாம். அல்லது களப்பெயர் காலாவதியாகி வேறொருவர் வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போட்டிருக்கலாம். இந்த இரண்டாவது வகைதான் ஆபத்தானது. அதைப் பெரும்பாலும் மனிதர் ஒருவர் திறந்து பார்த்தால்தான் கண்டுகொள்ள முடியும்.

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குப் பின் கிடைக்கவில்லை. முகப்பிலிருந்து வெளித்தளங்களுக்குக் கொடுக்கும் இணைப்புகளும் இந்தத் தேய்மானத்துக்கு உட்பட்டவைதான். இலக்குப் பக்கம் மறைந்துவிட்டிருந்தால், பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் உள்ள நகலுக்கு இணைப்பு கொடுத்து, அது பழைய நகல் என்பதையும் தேதியையும் குறிப்பிடுங்கள்.

நாங்கள் தளத்தை மாற்றி அமைக்கிறோம். பழைய முகவரிகளை விட்டுவிடலாமா?

விடக்கூடாது. 301 எனும் நிரந்தரத் திசைமாற்றத்தால் ஒவ்வொரு பழைய முகவரியையும் அதற்கு ஈடான புதிய பக்கத்துக்கு அனுப்புங்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிடுவது பழக்கத்தில் இருந்தாலும், அது வாசகருக்கு 404-ஐ விட எரிச்சல் தருவது. கேட்டது என்னவாயிற்று என்றே அவருக்குத் தெரியாமல் போகிறது. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-இல் இதைப் பற்றி எழுதியபோது, ஆசிரியரின் பெயர், ஆவணத்தின் நிலை, கோப்பு நீட்டிப்பு, பின்னால் இயங்கும் மென்பொருளின் அடையாளம் ஆகியவற்றை முகவரியில் வைக்க வேண்டாம் என்று அறிவுறுத்தினார். இவை யாவும் பின்னாளில் மாறக்கூடியவை என்பதே காரணம். பிஎச்பி எனும் நிரல்மொழியின் பெயரில் முடியும் முகவரியை வைத்துக்கொண்டு, ஹியூகோ எனும் வேறு தளமுருவாக்கும் கருவிக்கு மாறியவர்கள் இதை நன்றாகவே உணர்ந்திருப்பார்கள்.

கிட்ஹப்பில் களஞ்சியத்தின் பெயரை மாற்றினால் பழைய முகவரி தானாகவே புதியதற்குப் போகும். ஆனால் பழைய பெயரில் நீங்களே இன்னொரு களஞ்சியத்தைத் தொடங்கினால் அந்தத் திசைமாற்றம் அறுந்துவிடும்.

அரட்டை அறை, பிழைகளைப் பதியும் தளம், சோதனைச் சேவை போன்ற வெளிச்சேவைகளுக்கு முகப்பிலிருந்து நேரடியாக இணைப்பு கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் அந்தச் சேவை உங்கள் கையில் இல்லை என்ற நினைவு வேண்டும். கட்டற்ற மென்பொருள் திட்டங்களின் ஐஆர்சி எனும் எழுத்து அரட்டை அறைகளுக்குப் பல ஆண்டுகள் இருப்பிடமாக இருந்த ஃப்ரீநோடில், நிர்வாக உரிமை பற்றிய தகராறு முற்றி 2021 மே மாதத்தில் அதன் ஊழியர்கள் விலகி லிபரா சாட் எனும் புதிய பிணையத்தைத் தொடங்கினார்கள். உபுண்டு, விக்கிமீடியா உள்ளிட்ட பல சமூகங்கள் அங்கே இடம்பெயர்ந்தன. இடம்பெயர்ந்த திட்டம் ஒவ்வொன்றும் முகப்பு, ரீட்மீ, கையேடு, பங்களிப்பு வழிகாட்டி என எல்லா இடங்களிலும் முகவரியைத் தேடித்தேடி மாற்ற வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஜூனில் தானியங்கிச் சோதனைச் சேவையான டிராவிஸ் சிஐ தன் டாட் ஆர்க் தளத்தை மூடியபோது, சோதனை முடிவைக் காட்டும் அதன் நிலைச் சின்னத்தைப் பக்கங்களில் வைத்திருந்த திட்டங்களும் அவற்றை மாற்றவோ நீக்கவோ வேண்டியதாயிற்று. 2015 மார்ச்சில் மூடல் அறிவிக்கப்பட்டு 2016 ஜனவரியில் மூடப்பட்ட கூகுள் கோடு எனும் மூலநிரல் பகிர்வுத் தளம் இதற்கு முந்தைய பெரிய பாடம்.

இதற்கு ஒரு நடைமுறைத் தீர்வு உண்டு. உங்கள் சொந்தக் களப்பெயருக்குள் “உதவி பெற” என்ற ஒரு பக்கத்தை வைத்து, முகப்பிலிருந்தும் மற்ற எல்லா இடங்களிலிருந்தும் அதற்கே இணைப்பு கொடுங்கள். வெளிச்சேவைகளின் முகவரிகள் அந்த ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கட்டும். வாசகருக்கு ஒரு சொடுக்கு கூடும் என்பது உண்மைதான். ஆனால் எந்தச் சேவையில் எந்த வகைக் கேள்வியைக் கேட்பது என்று விளக்க அந்தப் பக்கமே இடமும் தருகிறது.

முகப்பில் எத்தனை இணைப்புகள் இருக்கலாம்?

எண்ணிக்கைக்கு விதி கிடையாது. ஒரே இலக்குக்கு மூன்று வேறு சொற்களில் இணைப்பு இருந்தால் இரண்டை நீக்குங்கள். ஒரே சொற்களில் இரண்டு வேறு இலக்குகளுக்கு இணைப்பு இருந்தால் உடனே திருத்துங்கள்.

உரிமத்தைப் பற்றி முகப்பில் எவ்வளவு சொல்ல வேண்டும்?

உரிமத்தின் பெயரும் பதிப்பும் ஒரு வாக்கியத்தில் இருந்தால் போதும். “ஜிபிஎல் உரிமம்” என்று மட்டும் எழுதாதீர்கள். இரண்டாம் பதிப்பா, மூன்றாம் பதிப்பா, அந்தப் பதிப்பு மட்டுமா, பிந்தைய பதிப்புகளும் செல்லுமா என்பதைப் பொறுத்து, உங்கள் நிரலைத் தம் நிரலோடு சேர்க்க நினைப்பவரின் உரிமை மாறும். உரிம வாசகத்தின் முழு உரைக்கு இணைப்பு கொடுங்கள். களஞ்சியத்திலுள்ள உரிமக் கோப்போடு முகப்பு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். இரண்டும் முரண்பட்டால், பயன்படுத்த நினைக்கும் நிறுவனங்கள் தயங்கி நின்றுவிடும்.

முகப்புப் பக்கத்தைத் தமிழிலும் தருகிறோம். இணைப்புகளை எப்படிக் கையாள்வது?

மொழித் தேர்வில் “தமிழ்” என்று தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள், நாட்டுக்கொடி வேண்டாம். தமிழ் பல நாடுகளில் பேசப்படுவது, எந்த ஒரு கொடியும் அதற்குப் பொருந்தாது. தமிழ்ப் பக்கத்திலிருந்து போகும் கையேடு ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், “பயனர் கையேடு, ஆங்கிலத்தில்” என்று இணைப்பிலேயே சொல்லிவிடுங்கள். தமிழ் வாசகர் ஏமாற்றம் அடைவதைவிட முன்னரே அறிந்திருப்பது மேல்.

முகவரியில் தமிழ் எழுத்துகளை வைப்பதா என்பது பலரும் கேட்பது. உலாவியில் அது அழகாகத் தெரியும். ஆனால் நகலெடுத்து ஒட்டும்போது பல இடங்களில் விழுக்காட்டுக் குறி (%) கொண்ட நீண்ட குறியீடுகளாக விரிந்துவிடும். “தமிழ்” என்ற சொல் யூனிகோடில் ஐந்து குறியீட்டுப் புள்ளிகள். யூடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகள். முகவரியாக விரியும்போது 45 எழுத்துகள். இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்த முகவரி மின்னஞ்சலில் வரி உடைந்து செயலிழக்கக்கூடும். ஆகவே பக்கத்தின் உரை முழுவதும் தமிழில் இருக்கட்டும். முகவரி மட்டும் சுருக்கமான இலத்தீன் எழுத்தில் இருக்கட்டும் என்பதே என் பரிந்துரை.

மொழிபெயர்ப்புகளுக்கு உள்ள பெரிய நோய் காலாவதியாவதுதான். மூலப் பக்கத்தில் பதிவிறக்க இணைப்பு மாறியிருக்கும். தமிழ்ப் பக்கம் பழைய பதிப்புக்கே ஆட்களை அனுப்பிக்கொண்டிருக்கும். டெபியன் எனும் லினக்ஸ் வழங்கல் திட்டம் தன் வலைத்தள மொழிபெயர்ப்பு ஒவ்வொன்றிலும், அது மூலத்தின் எந்தத் திருத்தத்தைப் பார்த்துச் செய்யப்பட்டது என்ற அடையாளத்தைக் கோப்பின் தலையிலேயே பதிந்து வைக்கிறது. மூலம் முன்னேறிவிட்டால் பின்தங்கிய பக்கம் எது என்று கருவியே சொல்லிவிடும். சிறு திட்டங்களும் இதைப் பின்பற்றலாம்.

நான் பராமரிப்பாளர் அல்ல. திருத்தங்களை எப்படி முன்மொழிவது?

முதலில் வலைத்தளத்தின் மூலம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். மென்பொருளின் களஞ்சியத்தில் ஒரு கோப்புறையாகவோ, தனிக் களஞ்சியமாகவோ இருக்கும். “இந்தப் பக்கத்தைத் திருத்து” என்ற இணைப்பு இருந்தால் வேலை எளிது. இல்லாவிட்டால், அதைச் சேர்ப்பதையே உங்கள் முதல் முன்மொழிவாக வைத்துக்கொள்ளலாம்.

பழுதான இணைப்புகளைத் தனி புல் ரிக்வெஸ்ட்டாக (மாற்றத்தைச் சேர்க்கும்படி பராமரிப்பாளரிடம் கோருவது) அனுப்புங்கள். அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. பெரும்பாலும் விரைவில் ஏற்கப்படும். பராமரிப்பாளருக்கு உங்கள் மீது நம்பிக்கையும் பிறக்கும். வாசக மாற்றங்களை அதோடு கலந்து அனுப்பினால், ஒரு சொல்லின் மேல் எழும் விவாதத்தால் பத்து நல்ல திருத்தங்கள் தேங்கிவிடும். வாசகத்தை மாற்றும்போது, பழையதைப் படித்த புதியவருக்கு எந்த இடத்தில் குழப்பம் வரும் என்பதை ஓரிரு வாக்கியத்தில் விளக்குங்கள். “இப்படி இருந்தால் நன்றாக இருக்கும்” என்பது சுவை சார்ந்த கருத்து. “இது விண்டோஸில் ஓடுமா என்பதை அறிய மூன்று பக்கங்களைத் திறக்க வேண்டியிருக்கிறது” என்பது எவரும் தாமே செய்துபார்த்து ஒப்புக்கொள்ளக்கூடியது.

மூலக் கோப்பில் வரிகளை மறுபடி மடக்கி ஒழுங்குபடுத்தும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் மாற்றியது ஒரு சொல்லாக இருந்தாலும், பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுக் காட்டும் டிஃப், பத்தி முழுவதையும் சிவப்பாகவும் பச்சையாகவும் காட்டும், சரிபார்ப்பவர் சோர்ந்துபோவார். வாக்கியத்துக்கு ஒரு வரி என்ற முறையைத் திட்டம் ஏற்றுக்கொண்டால் இந்தச் சிக்கலே எழாது.

பராமரிப்பாளர் சில வாசகங்களைக் காரணத்தோடுதான் வைத்திருப்பார் என்பதையும் மறக்க வேண்டாம். நிதி வழங்கிய அமைப்பின் நிபந்தனையாலோ வணிகச்சின்ன உடன்பாட்டாலோ ஒரு வரி அங்கே நிற்கலாம். நீக்கும் முன் கேளுங்கள்.

திட்டத்தைத் தொடர முடியவில்லை. முகப்பில் என்ன எழுதுவது?

உண்மையை, தேதியோடு, முதல் வரியிலேயே எழுதுங்கள். 2014 மே 28 அன்று ட்ரூகிரிப்ட் எனும் வட்டு மறையாக்க மென்பொருளின் முகப்பு திடீரென்று மாறியது. இதைப் பயன்படுத்துவது பாதுகாப்பானதல்ல, திருத்தப்படாத குறைகள் இருக்கலாம் என்ற எச்சரிக்கையும், மைக்ரோசாஃப்டின் வட்டு மறையாக்க வசதியான பிட்லாக்கருக்கு மாறும் வழியும் அங்கே முதன்மையாக இருந்தன. குறிப்பாக எந்தக் குறை, ஏன் இவ்வளவு அவசரம் என்ற விளக்கம் இல்லை. எழுதியவர்கள் திட்டத்தினர்தானா, தளத்துக்குள் யாராவது ஊடுருவிவிட்டார்களா என்று தெரியாமல் பயனர்கள் குழம்பினார்கள். தம் மறையாக்கப்பட்ட வட்டுகளை நம்பலாமா என்ற கவலையில் இருந்தவர்களுக்கு அந்தப் பக்கம் தெளிவு எதையும் தரவில்லை.

நிறுத்தும் திட்டத்தின் முகப்பில் கடைசி வெளியீட்டின் எண்ணும் தேதியும், இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருமா என்பதும், அறிந்த குறைகளின் பட்டியலும், கிளைத்த திட்டம் ஏதேனும் இருந்தால் அதன் இணைப்பும், அதை நீங்கள் பரிந்துரைக்கிறீர்களா இல்லையா என்பதும் இருக்க வேண்டும். பெரிய பதிவிறக்கப் பொத்தானை எடுத்துவிட்டு, பழைய பதிப்புகளைக் கையொப்பங்களோடு தனிப் பக்கத்தில் வைத்திருங்கள். தம் பழைய கோப்புகளைத் திறக்க வேண்டியவர்களுக்கு அவை தேவைப்படும்.

களப்பெயரைக் காலாவதியாக விட்டுவிடாதீர்கள். 2024 பிப்ரவரியில் பாலிஃபில் எனும் ஜாவாஸ்கிரிப்ட் சேவையின் களப்பெயர் வேறு நிறுவனத்தின் கைக்குப் போனது. ஜூன் மாதம் அந்த முகவரியிலிருந்து நிரலை எடுத்துக்கொண்டிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களின் வழியே தீங்கு நிரல் பரவுவது கண்டறியப்பட்டது. கைவிடப்பட்ட மென்பொருளின் களப்பெயரை வாங்குபவருக்கு, இணையமெங்கும் அதை நோக்கி நிற்கும் இணைப்புகளும் சேர்ந்தே கிடைத்துவிடுகின்றன. ஆண்டுக் கட்டணத்தைத் தொடர்ந்து செலுத்த முடியாவிட்டால், கட்டற்ற திட்டங்களின் உடைமைகளைப் பொறுப்பேற்று வைத்திருக்கும் சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்ட்ரஸ்ட் போன்ற இலாப நோக்கற்ற அமைப்பையோ, கிளைத்த திட்டத்தின் நம்பகமான பராமரிப்பாளரையோ அணுகுங்கள். ஒப்படைப்புக்குச் சில மாதங்கள் ஆகக்கூடும் என்பதால், கெடு முடிவதற்கு ஓராண்டு இருக்கும்போதே அந்தப் பேச்சைத் தொடங்கிவிடுங்கள்.